காலையில் மட்டும் அடிக்கும் எர்த்

சென்னைக்கு மேற்கே வீடு வாங்கியவர்களுக்குப் பத்திரத்தோடு சேர்த்துக் கிடைத்த இன்னொரு சொத்து ஓதம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏரியை ஒட்டியோ, ஏரிக்கு வரும் வாய்க்காலைத் தூர்த்தோ, சில இடங்களில் ஏரிக்குள்ளேயோதான் மனை போட்டிருந்தார்கள். புதுமனை புகுந்து இரண்டு மழைக்காலம் தாண்டியதும் சுவரின் அடியிலிருந்து ஈரம் முழங்கால் அளவுக்கு ஏறி நிற்கும். சுண்ணாம்பு பொரிப்பொரியாக உதிரும். சாமி படமோ யேசு படமோ, சட்டத்துக்குள் காகிதம் நெளிந்திருக்கும். மனிதர்கள் காலண்டரை இரண்டு ஆணி உயரத்துக்கு நகர்த்தி மாட்டிவிட்டு, அதையே பரிகாரம் என்று எண்ணிக்கொள்வார்கள்.

ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கள்ளிக்குப்பம் பக்கம் வரிசை வீடுகள் கட்டிக்கொடுத்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பராமரிப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை. எண்பதுகளில் சேர்ந்தேன். மின்சாரப் பிரிவு என்னுடையது, கட்டடப் பிரிவு பக்கத்து மேஜை. இரண்டு மேஜைகளுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதைத் தாண்டுவதற்குச் சில புகார்கள் ஒரு பருவத்தையே எடுத்துக்கொள்ளும். ஓதம் என்றால் கட்டடப் பிரிவு. ஷாக் என்றால் நான். சங்கத்தின் விதிப்படி ஒரு புகாருக்கு ஒரு பிரிவுதான் உண்டு. ஈரமும் மின்சாரமும் ஒரே சுவரில் குடியிருக்கலாம் என்பதை விதி எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அந்த விதிகள் முழுவதும் எனக்கு மனப்பாடம். இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். குளியலறையில் சுவிட்சு எங்கே இருக்கக் கூடாது, கீசரின் உடம்பு எந்தக் கம்பியால் நிலத்தோடு கட்டப்பட வேண்டும், எர்த் குழிக்கு எவ்வளவு ஆழம், உப்பும் கரியும் எந்த வரிசையில் போட வேண்டும் என்று எல்லாம் தெரியும். தெரிந்ததால் என் உத்தியோகத்துக்கு ஒரு குந்தகமும் வந்ததில்லை, ஒரு நன்மையும் வந்ததில்லை.

எர்த் என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர் உலோகச் சாமானில் மின்சாரம் கசிந்தால், அது மனித உடம்பைத் தேடாமல் நேராக மண்ணுக்கு இறங்கிப் போவதற்காக நாம் போட்டுக்கொடுக்கும் வழிதான் எர்த். உயிரைக் காப்பது அதுதான். ஆனால் எங்கள் பகுதியில் குழாயைத் தொட்டுச் சுரீர் என்றால் "எர்த் அடிக்குது" என்பார்கள். எர்த் இல்லாததால் அடிக்கிறது என்று நான் ஆயிரம் வீட்டில் விளக்கியிருப்பேன். "ஆமா சார், அந்த எர்த்துதான் அடிக்குது" என்று ஆயிரம் வீட்டிலும் ஒப்புக்கொண்டார்கள். காவலுக்கு வைத்தவன் பெயரைத் திருடனுக்குச் சூட்டிவிட்டார்கள். ஷாக் என்றால் பயம் வரும். எர்த் என்றால் ஏதோ ஓதம் மாதிரி, கொசு மாதிரி, வீட்டோடு கூட இருக்கும் ஒரு தொல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு புகாரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

"குளியலறைச் சுவரில் ஓதம் நின்றுவிட்டது, ஆனால் குழாயில் எர்த் அடிக்கிறது, காலையில் மட்டும்." எழுதியவர் பெண் என்று கையெழுத்தில் தெரிந்தது. ஓதம் என்ற சொல்லைப் பார்த்ததும் அது கட்டடப் பிரிவுக்குப் போனது. ஓதம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்ததால் நடவடிக்கை தேவையில்லை என்று அவர்கள் முடித்துவிட்டார்கள். இரண்டாம் முறை அதே பெண் ஓதத்தை விட்டுவிட்டு எர்த்தை மட்டும் எழுதினாள். அப்போது என்னிடம் வந்தது. புத்திசாலிப் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அலுவலக நேரம் என்பதால் மதியம்தான் போக முடிந்தது. இரட்டை வீடு, நடுவில் பொதுச் சுவர். சுவரின் இந்தப் பக்கம் ஒரு குளியலறை, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டின் குளியலறை. வீட்டுக்காரர் மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனும் அதே ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தான். கிறிஸ்தவக் குடும்பம். வாசல் நிலையில் ஒரு வசனம் ஒட்டியிருந்தது. புகார் எழுதியது மருமகள். கல்யாணமாகி ஒன்றரை வருடம் இருக்கும், வானகரத்துப் பெண். கதவைத் திறந்தவள் மாமியார்.

"இன்னா சார், எர்த்து பாக்க வந்தீங்களா? வாங்க வாங்க. எங்க ஊட்ல கீசரே இல்ல, ஒரு ஹீட்டர் கூட இல்ல. சுடுதண்ணி வேணும்னா ஸ்டவ்ல வெச்சிப்போம். அப்பால கரண்டு எங்கேந்து சார் வரும்?"

நல்ல கேள்வி. 

குளியலறையைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன்பு அந்தச் சுவர் எப்படி இருந்திருக்கும் என்பது சுவரிலேயே எழுதியிருந்தது. இடுப்பளவுக்குப் பழுப்புக் கறை, அதற்குக் கீழே புதிய பூச்சு. மாமனார் பின்னாலேயே வந்து பெருமையோடு காட்டினார்.

"நானே மாத்தினேன் சார். தெருவுலேந்து செவுரு வரைக்கும் மண்ணுக்குள்ள இருந்த பழைய இரும்பு பைப்பு துருப்பிடிச்சி சல்லடையா பூட்ச்சி. அத்த புடுங்கிட்டு பிளாஸ்டிக் பைப்பு போட்டேன். பக்கத்து ஊட்டுக்கும் அதே லைன்தான், அவங்களுக்கும் சேத்து ஓசில மாத்திக் குட்த்தேன். பாருங்க, செவுரு எப்டி காஞ்சி கீது!"

உண்மையில் நல்ல வேலை. மூட்டுகள் சுத்தம். கட்டடப் பிரிவில் ஒருவருக்கும் அப்படிச் செய்ய வராது.

விதிப்படி வீட்டின் மெயினை நிறுத்திவிட்டு, மெக்கர் என்ற கருவியை வைத்து வயரிங்கைச் சோதித்தேன். கைப்பிடியைச் சுற்றினால் முள் நகர்ந்து, எங்காவது கசிவு இருந்தால் காட்டிக்கொடுக்கும். முள் கச்சிதமாக நின்றது. வீட்டில் குறை ஒன்றும் இல்லை. மெயினைத் திரும்பப் போட்டுக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மாமியார் சிரித்தாள். "நாங்க எல்லாம் தொடலியா சார்? எனக்கு அடிக்கல. பாஸ்டர் வந்து இதே கொயாய புடிச்சிக்கினு ஜெபம் பண்ணாரு, அவருக்கு அடிக்கல. என் பையனுக்கும் அடிக்கல. இந்த மகாராணிக்கு மட்டும் அடிக்கும். அதுவும் காலைல மட்டும். ஏன்டி, கரண்டு இன்னா ஃபர்ஸ்ட் ஷிப்டா?"

மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "ஆமா அத்த. ஃபர்ஸ்ட் ஷிப்டுதான். சங்கு ஊதினா வருது" என்றாள்.

மாமியார் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் மீதியைச் சொன்னாள். அவளுடைய தாழ்ந்த குரல் தெருமுனை வரை கேட்கும். பெண்ணுக்கு ஐந்தாவது மாதத்தில் குளியலறையில் விழுந்து கர்ப்பம் கலைந்துவிட்டது. வழுக்கி விழுந்துவிட்டு, குழாய் அடித்துத் தள்ளியது என்று சொன்னாளாம். அன்றிலிருந்து குளிக்கப் போகவே நடுங்குகிறாளாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை குளிக்கிறாள், குழாயைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் திறக்கிறாள், சுவரோடு பேசுகிறாள். இதில் சுவரோடு பேசுவது மட்டும் மாமியாரின் கைச்சரக்கு என்று தோன்றியது. திருவள்ளூர்ப் பக்கம் புத்தி பேதலித்தவர்களை வைத்து ஜெபிக்கிற ஒரு வீடு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"சொஸ்தம் ஆவற வரைக்கும்."

அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கேள்வி ஞானம்தான். போனவர்களைப் பற்றித்தான் கேட்டிருந்தேன், திரும்பியவர்களைப் பற்றிக் கேட்டதில்லை.

நான் பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அந்தப் பெண் துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் வந்தாள். அங்கே ஒரு கை பம்பு இருந்தது. மாமனாரும் மகனும் அதிலேதான் குளிப்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"சார், நான் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். கரண்டு அடிச்சா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒருவேள இல்லாம இருந்தா இல்லன்னே சொல்லிடுங்க, நான் போய்க்கறேன். இருந்தா மட்டும் இருக்குன்னு இவங்க எதிர்ல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

"காலையில் எப்போது?"

"பக்கத்து ஊட்டுத் தாத்தா இரும்பற நேரம்."

இதைச் சொல்லும்போது அவளுக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று தெரியவில்லை. எனக்கும் அந்த நிமிஷம் தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டில் பெரியவர் எழுந்து இருமுகிறார் என்றால், அவர் எழுந்ததும் வேறு என்ன நடக்கிறது?

மறுநாள் அலுவலகத்துக்குப் போகும் முன்பாகவே போனேன். அலுவலக நேரத்துக்கு வெளியே ஆய்வுக்குப் போவதற்கு முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் வரும் என்பதும் விதிகள் தெரிந்த எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

செய்தது எளிய வேலை. ஒரு பல்பு, இரண்டு வயர். ஒரு வயரைப் பின்பக்கத்துக் கை பம்பில் கட்டினேன். பம்பின் இரும்புக் குழாய் ஆழத்தில் ஈர மண்ணுக்குள் போகிறது, அதைவிட நல்ல எர்த் அந்தக் காலனியில் இல்லை. இன்னொரு வயரைக் குளியலறைக் குழாயில் வைத்தேன். குழாயில் மின்சாரம் இருந்தால் அது பல்பின் வழியாக மண்ணுக்கு இறங்கும், பல்பு எரியும். இல்லாவிட்டால் எரியாது. இதில் ஜெபத்துக்கும் இடமில்லை, மாமியாருக்கும் இடமில்லை.

பல்பு எரிந்தது. பிரகாசமாக இல்லை, செம்மஞ்சள் நிறத்தில் மங்கலாக. ஆனால் எரிந்தது.

மாமனார் ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். முன்னறையில் மின்விசிறி நின்றது. குழாயில் வைத்த பல்பு எரிந்துகொண்டேதான் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. மெயினை நிறுத்திய பிறகும் எரிகிற பல்பைப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்கு, மின்சாரம் இந்த வீட்டினுடையது அல்ல என்று புரியும். மாமியாருக்கு வேறு மாதிரி புரிந்தது.

"யேசுவே! கரண்டே இல்லாம லைட்டு எரியுதே! நான் சொன்னேனா இல்லியா? அவ மேல இல்ல, ஊட்டு மேலயே எதுவோ கீது!"

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்கள்" என்றேன். பராமரிப்புக் கையேட்டில் குடியிருப்போரை எப்படி அழைக்க வேண்டும் என்று இருக்கிறது. இப்படி இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் இருமினார்.

பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். பெரியவரின் மகள் வந்தாள், ஐம்பது வயதிருக்கும். உள்ளேயிருந்து வெந்நீர் ஆவி. அப்பாவுக்கு மூட்டுவாதம். வருடம் முழுதும் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். துபாயில் இருக்கும் தம்பி வாங்கிக்கொடுத்த கீசர். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் போடுவார்கள்.

"உங்கள் குழாயில் எர்த் அடிக்கிறதா?"

"கொஞ்சம் அடிக்கும் சார்" என்றாள் வெகு இயல்பாக. "சுடுதண்ணின்னா கொஞ்சம் எர்த்து வரத்தானே செய்யும்? அடிச்சாதான் தண்ணி நல்லா காஞ்சிட்ச்சின்னு அர்த்தம். அத்த வெச்சிதான் நைனாவ குளிக்கவே அனுப்புவேன். அவரு ரப்பர் செருப்பு போட்டுக்குவாரு, அவருக்கு ஒன்னும் தெரியாது."

நாற்பது வருடங்களில் மின்சாரத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதற்கு ஈடு கிடையாது. கசிகிற மின்சாரத்தை அந்த வீட்டில் வெந்நீர் பதம் பார்க்கிற விரலாக வைத்திருந்தார்கள். ஒரு மாதமல்ல, பல மாதங்களாக. யாரும் சாகாததற்குக் காரணம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

கீசரின் அடியைப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் காய்ச்சும் கம்பிச்சுருள் வெடித்திருந்தது. மின்சாரம் தொட்டியின் உடம்புக்கு வந்துகொண்டிருந்தது. உடம்பிலிருந்து எர்த் வயர் ஒழுங்காகத்தான் போனது. எங்கே போனது என்றால், சுவருக்குள் ஓடும் தண்ணீர் பைப்புக்கு. காலனி கட்டியவன் எல்லா வீட்டுக்கும் எர்த்தைத் தண்ணீர் பைப்பில் கட்டிவிட்டுப் போயிருந்தான். அந்தக் காலத்தில் எங்கும் அதுதான் வழக்கம். இரும்பு பைப்பு மண்ணுக்குள் ஓடுகிறதே, தனியாக எதற்குக் குழி வெட்ட வேண்டும்?

"நான் சொல்லும்போது சுவிட்சை நிறுத்துங்கள், சொல்லும்போது போடுங்கள்" என்று அவளிடம் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். இதற்குள் பையனும் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். குளியலறை வாசலில் நால்வரும்.

"நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். பல்பு அணைந்தது.

"போடுங்கள்!" எரிந்தது.

"இன்னொரு வாட்டி" என்றாள் மருமகள்.

இன்னொரு முறையும் செய்து காட்டினேன்.

மாமியாரின் காலைப் பார்த்தேன். அவளும் ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். பித்தவெடிப்புக்காக வைத்தியர் சொன்னது, வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. பாஸ்டர் ஷூவோடு வந்து நின்று ஜெபித்திருப்பார். ஆண்கள் இருவரும் பின்பக்கம் கை பம்பில் குளிப்பவர்கள். அந்த வீட்டில் காலையில், வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று, அந்தக் குழாயைத் தொட்டவள் ஒருத்திதான். புது மருமகள் வீட்டுக்குள் செருப்போடு நடந்தால் மாமியார் என்ன சொல்லியிருப்பாள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு இரண்டு கால்விரல்களிலும் வெள்ளி மெட்டி.

இதையெல்லாம் சொன்னேன். மாமனார் இடையில் நிறுத்தினார். ஃபிட்டர் மூளை வேறொரு இடத்துக்குப் போயிருந்தது.

"ஒன்னு கேக்கறேன் சார். அவங்க கீசரு பழசுதான? எர்த்தும் பைப்புலதான கட்டி கீது? அப்போ இத்தினி வருசம் ஏன் அடிக்கல?"

"கசிந்தது எல்லாம் பைப்பு வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது."

"இப்போ?"

"இப்போது மண்ணுக்குள் இருப்பது பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்குல கரண்டு போவாதே சார். ரப்பர் மாறி, நல்லதுதான அது?"

"போகாது" என்றேன். "அதனால் வந்த வினைதான் இது."

அவர் புதிய பூச்சில் கையை வைத்துப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த சுவர். சுவருக்குள் இன்னும் இருக்கும் ஒரு முழ இரும்புக் குழாய் இரண்டு வீட்டுக்கும் பொது. அது எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது, பக்கத்து வீட்டுக் கசிவு முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு, தொடுகிறவருக்குக் கொடுக்கிறது. இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முப்பது வருடம் இரும்போடு பழகியவர்.

"பைப்பு மாத்தி ஒரு வாரம் கூட ஆவல மாமா, நான் விழுந்தப்போ" என்றாள் மருமகள். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. கேட்ட கேள்விக்கு விவரம் தருகிற குரலில்.

பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சார், போடவா நிறுத்தவா? நைனா குளிக்கணும்!" என்று கத்தினாள்.

"நிறுத்துங்கள். இனிமேல் போடாதீர்கள்!"

மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளுடைய உண்மையான தாழ்ந்த குரலை அன்றுதான் கேட்டேன். "அப்போ சார்... அந்தக் கொயந்த...?"

எனக்குத் தெரிந்த விதி எதுவும் அங்கே கை கொடுக்கவில்லை. "அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்" என்றேன். டாக்டரும் சொல்ல மாட்டார். ஈரத்தரையில் வழுக்கினாளா, ஷாக் தூக்கிப் போட்டதா, விழுந்ததால் கலைந்ததா, தானாகவே கலைந்திருக்குமா என்று எந்தக் கருவியின் முள்ளும் காட்டாது.

"நான் அத்த கேக்கல சார்" என்றாள் மருமகள். "எனக்கு புத்தி சரியா கீதா இல்லியா, அத்த சொல்லுங்க."

"நீங்கள் சொன்னது எல்லாம் சரி. குழாயில் கரண்டு இருந்தது. காலையில் மட்டும்தான் இருந்தது."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மாமியாருக்குக் காது மந்தம் இல்லை. இன்னொரு முறை சொன்னேன். மாமியார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு கீசரின் வயரைக் கழற்றிவிட்டு, குழாயில் இனி ஒன்றும் இல்லை என்று சோதித்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு முன்னறையில் நின்றிருந்தாள். கணவன் வழியை மறித்துக்கொண்டிருந்தான், மறிக்கத் தெரியாமல்.

"அதான் இப்போ எல்லாம் தெரிஞ்சி பூட்ச்சே. அப்பால எதுக்கு போற?"

"தெரிஞ்சி பூட்ச்சின்றதாலதான் போறேன். ஞாயித்துக்கெயமை பைத்தியம்னு ஏத்தி அனுப்ப இருந்தீங்க. இன்னிக்கு நானா பஸ் ஏறினா ஒருத்தரும் அப்டி சொல்ல முடியாதுல்ல?"

"அம்மா சொன்னாங்கன்னு..."

"நீ இன்னா சொன்ன? ஒரு நாளு செருப்ப கயட்டிட்டு வந்து அந்தக் கொயாய தொட்டுப் பாத்தியா?"

அவன் தூக்குச் சட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். என்னைத் தாண்டும்போது, "வரேன் சார்" என்றாள், ஏதோ அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவளைப் போல.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் முறைப்படியானவை சுருக்கம். இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக எர்த் குழி வெட்ட வேண்டும் என்று எழுதினேன். காலனி முழுவதும் பைப்பில் கட்டிய எர்த்தை மாற்ற வேண்டும் என்றும் எழுதினேன். முதலாவது என் பிரிவு. இரண்டாவதில் தண்ணீர் பைப்பு என்ற சொல் இருந்ததால் பக்கத்து மேஜைக்குப் போனது, இன்றைக்கும் அங்கேயே இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண் என் மேல் கோபமாக இருந்தாள். "அவங்க பைப்ப மாத்திட்டு எங்க கீசரு மேல பயி போடறீங்க" என்றாள். நியாயம் பாதி அவள் பக்கமும் இருந்தது.

குழி வெட்டுவதற்குச் சங்கத்து ஆட்கள் வருவதற்குள் மாமனார் தானே வெட்ட ஆரம்பித்துவிட்டார். பார்வையிட நான் போனபோது பின்பக்கத்தில் ஆளையே காணோம், மண் மட்டும் மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். தேவையான ஆழத்தைத் தாண்டி ஓர் ஆள் உயரம் போயிருந்தார்.

"போதும், ஏறி வாருங்கள். இந்த ஆழம் வேண்டாம்."

"கொஞ்சம் ஈரம் வரட்டும் சார்."

"ஈரம் அப்போதே வந்துவிட்டது. உங்கள் கணுக்காலில் தண்ணீர் நிற்கிறது."

அவர் குனிந்து பார்த்துவிட்டு இன்னும் இரண்டு சட்டி மண் எடுத்தார். பிறகுதான் ஏறினார். பாதி குழியைத் திரும்ப மூட வேண்டியிருந்தது. தகட்டை இறக்கி, உப்பும் கரியும் போட்டு, வயரைக் கட்டி, அளந்து பார்த்தேன். அந்த வட்டாரத்திலேயே இவ்வளவு நல்ல எர்த் வேறு எந்த வீட்டுக்கும் இருந்திருக்காது.

"இப்போ குளிக்கலாமா சார், அவ?"

"யாரும் குளிக்கலாம்."

"நீங்க பூந்தமல்லி பக்கந்தான போவீங்க? வானகரம் வயிலதான். நீங்க போய் சொன்னா நம்புவா. நாங்க சொன்னா..."

குறை சரி செய்யப்பட்டதைப் புகார்தாரருக்கு நேரில் தெரிவிக்கலாம் என்று விதியில் உண்டு. யாரும் பயன்படுத்தியதில்லை. நான் போனேன். அவளுடைய அப்பா வாசலில் நின்று வரவேற்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவள் வந்து நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். எந்த வயர், எவ்வளவு ஆழம், அளவு எவ்வளவு என்று கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"இனிமே அடிக்காதுன்னு நீங்க சொன்னா அடிக்காது சார். ஆனா அடிக்குதுன்னு நான் சொன்னப்பவும் அதே கொயாய்தான்."

"வீட்டில் என்ன சொல்ல?"

சற்று யோசித்தாள். "இங்க தினம் ரெண்டு வேள குளிக்கறேன்னு சொல்லுங்க."

மறுநாள் கள்ளிக்குப்பத்தில் அதை அப்படியே சொன்னேன். மாமியார் உள்ளேயிருந்து வரவில்லை. மாமனார் கேட்டுவிட்டு, "அவ்ளோதானா சார்?" என்றார்.

"அவ்வளவுதான்."

கோடையில் எர்த் குழி காய்ந்துவிடக் கூடாது, வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கிளம்பும் முன் நினைவூட்டினேன். தலையாட்டினார். நான் தெருவுக்கு வந்து குடையை விரிப்பதற்குள் பின்பக்கத்தில் கை பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு குடம் நிறையும் அளவுக்கு அடித்தது, நின்றது, மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அப்போது ஐப்பசி மாதம், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.